ஏழாம் இடம்

என் வேலை எண்ணுவது.
அந்த இயந்திரத்துக்கு ஆறு இலக்கம்தான் தெரியும்.
பத்து லட்சத்தைத் தொட்டதும்
எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சுழியிலிருந்து தொடங்கும்.
அப்போதெல்லாம் நான் சுவரில்
சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும்.
கேமரா ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.
வாய் திறக்கக் கூடாது.

விஸ்கான்சினில் சுப்பீரியர் என்றொரு ஊர்.
பந்துருட்டும் கூடத்தின் பின்னறை.
ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி.
மார்லிஸ் தாக்னி குவாம், வயது ஐம்பத்து மூன்று,
நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்,
மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு
வெள்ளி காலை ஏழு மணிக்கு
ஒரே ஒரு காசு போட்டாள்.

திரையில் அவள் ஒரு விட்டில்.
விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைக்க வேண்டும்.
எண்பத்திரண்டில் செய்த ஆட்டம்;
இதன் முன்னால் இரண்டு மணி நேரத்துக்கு மேல்
ஒருத்தி நிற்பாள் என்று
செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.
நீலச் சுடர் மூன்று முறை இடம் சாய்ந்தால்
நான்காம் முறை வலம்.
தற்செயல் என்று உள்ளே எதுவும் இல்லை.
இதைக் கண்டுபிடிக்க
அவளுக்குப் பதினோரு குளிர்காலம் ஆயிற்று.

இருபதாயிரத்துக்கு ஓர் உயிர்.
உயிர் சேர்த்தால்தான் ஒன்றுக்குப் போக முடியும்.
அவள் கழிப்பறைக்கு ஓடும்போது
கைவிடப்பட்ட விட்டில் சுடரில் விழும், எழும், விழும்.
போய் வரப் பதினேழு உயிர்.
சூப் குடிக்க ஒன்பது.
கண்ணாடியைத் துடைக்க ஒன்றே ஒன்று.

சேர்ப்பதற்கும் ஒரு வரம்பு.
இருநூற்று ஐம்பத்தைந்து வரை பத்திரம்;
அதற்கு மேல் ஒன்று வந்தால்
கணக்குக் குழம்பிக் கையில் எதுவும் மிஞ்சாது.
அதனால் சனி விடியலில்,
தவறே செய்யாமல் ஆடிக்கொண்டிருந்தவள்,
கைப்பிடியை விட்டுவிட்டு
வேண்டுமென்றே முப்பது முறை செத்தாள்,
முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டே.

முப்பத்தாறாம் மணி.
கண் திறந்திருந்தது. அவள் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினொன்று.
தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது.
என் தொடையை நான் கிள்ளிக்கொண்டேன்,
அவளுக்கு வலிக்கும் என்பது போல.
தொண்ணூறு. எண்பத்து நான்கு.
சுவருக்கு அப்பால் யாரோ
பத்துக் கட்டையையும் ஒரே பந்தில் சாய்த்துக்
காட்டுக் கூச்சல் போட்டார்கள்.
அறுபத்தொன்றில் திரும்பி வந்தாள்.
"எங்கே இருந்தேன்?" என்று
என்னைக் கேட்கவில்லை, திரையைக் கேட்டாள்.

மூன்று கோடியே எட்டு லட்சத்துச் சொச்சம்
போன வருடம் கனடாக்காரர் ஒருவர் போட்டது.
இரவு பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்
முப்பத்தோராவது கோடு போட்டேன்.
சாக்கட்டி உடைந்தது.
அதன் பிறகும் ஆடினாள், கொஞ்சம்தான்;
மணிக்கட்டு முழங்கை போல வீங்கியிருந்தது.
நாற்பத்திரண்டு உயிர் மிச்சம்.
கையை எடுத்தாள்.
இருவரும் நின்று பார்த்தோம்,
அத்தனையும் எரிந்து முடியும் வரை.

இயந்திரம் தனக்குத் தெரிந்ததைக் கூட்டிப் பார்த்தது:
பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது.
ஏழாம் இடம் என்றது.
முதலிடம் ஏ. எக்ஸ். எல்.,
வியாழக்கிழமை பிறந்தநாள் விருந்துக்கு வந்த பையன்.
ஆறாம் இடத்தில் எவனோ
கெட்ட வார்த்தை ஒன்றை மூன்றெழுத்துக்குள் அடைத்திருந்தான்.

மார்லிஸ் சிரித்தாள்,
சுவரில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
பிறகு எழுத்தைத் தேடி நகர்த்தினாள்:
எம். டி. கே.
மூன்றும் மெய்.
உயிரெல்லாம் உள்ளே செலவாகிவிட்டது.

தொலைபேசியில் பணிமனை எட்டு முறை அழைத்திருந்தது.
ஐம்பத்து மூன்றாம் எண் சாலையில் ஓரடிப் பனி.
கையுறைக்குள் விரல் நுழையவில்லை;
இடக்கையால் காரின் கண்ணாடியைச் சுரண்டப் போனாள்.

கூடத்துக்காரர் ஓர்வல் விளக்கணைக்க வந்தார்.
வழக்கம் போல் மின்செருகியைப் பிடுங்கினார்;
ஏழு பெயரும் போயின, பையனுடையதும்.
நான் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
அவர் பார்த்தது சுவரை.
"யார்ரா இது," என்றார்,
"இப்படிக் கிறுக்கி வைத்தது?"